‘நெப்ராஸ்கா’ வெறும் டெமோ கேசட்தானே? இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

கேள்விக்குறி — ஜனவரி 4, மாலை 6.12

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பம் ‘நெப்ராஸ்கா’வை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நிதானமாகப் பார்த்தால் என்ன இருக்கிறது? மலிவான கேசட் மெஷின், இரண்டு மைக், ஒரே ராத்திரி. பேண்டோடு வாசித்துச் சரிவரவில்லை, பேண்டுக்குக் காட்டப் பதிந்த மாதிரியை, அதாவது டெமோவையே, ரிலீஸ் பண்ணிவிட்டார். இன்றைக்கு ஒரு போனில் இதைவிடச் சுத்தமாகப் பதியலாம். யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நாலுதடம் — ஜனவரி 4, இரவு 9.40

மலிவு இல்லை. அவர் பதிந்தது டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ என்ற நாலு தட கேசட் மெஷினில். அது 1979-ல் வந்தபோது விலை ஆயிரம் டாலர் வாக்கில். ஸ்டுடியோவோடு ஒப்பிட்டால் சல்லிக்காசு, வீட்டுக்கு வாங்கும் சாமான் என்று பார்த்தால் கனத்த செலவுதான். இதற்கு முந்தின ஆல்பம் ‘தி ரிவர்’ வரைக்கும் அவருடைய வழக்கம், ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பாட்டு எழுதுவது. மணிக்கணக்கில் வாடகை ஓடும். பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகலாம் என்றுதான் கிட்டார் டெக்னீஷியன் மைக் பாட்லானிடம் ஒரு மெஷின் வாங்கி வரச் சொன்னார். நியூ ஜெர்சி, கோல்ட்ஸ் நெக், வாடகை வீடு. மைக் இரண்டும் ஷூர் எஸ்எம் 57. அது ஒன்றுதான் உண்மையிலேயே மலிவு.

ஒரே ராத்திரி என்பது பாதி சரி. பெரும்பகுதி 1982 ஜனவரி 3 அன்று பதிந்தது என்று சொல்வார்கள். ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ மே மாதத்தில் சேர்ந்தது. பாட்டெல்லாம் அதற்கு முன்னாடி மாதக்கணக்கில் நோட்டில் எழுதி அடித்துத் திருத்தி முடித்தவை. மெஷின் முன்னால் உட்காரும்போது கையில் முடிந்த பாட்டு இருந்தது. வேகம் அதனால் வந்தது.

ஜெர்சிக்காற்று — ஜனவரி 4, இரவு 10.05

பேண்டோடு சரிவரவில்லை என்பதும் அரைகுறைதான். 1982 ஏப்ரல், மே மாதங்களில் நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் தன் வழக்கமான குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு உட்கார்ந்தார். அதே சில வாரங்களில் ‘பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.’, ‘குளோரி டேஸ்’, ‘ஐ’ம் ஆன் ஃபயர்’, ‘டவுன்பவுண்ட் ட்ரெயின்’ எல்லாம் பதிவாகின. இதில் ‘பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.’ பாட்டே கோல்ட்ஸ் நெக் கேசட்டில் இருந்த ஒன்று. ஆக பேண்ட் தோற்கவில்லை, ஒரு வகைப் பாட்டில் ஜெயித்தது. இன்னொரு வகையில் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பாட்டு பெரிதானதே தவிர பாட்டுக்குள் இருந்த ஆள் காணாமல் போனான். 2025-ல் வந்த விரிவாக்கப் பதிப்பில் அந்த பேண்ட் பதிவுகள் சில வெளிவந்துவிட்டன. கேட்டுப் பாருங்கள், மோசமில்லை. அதுதான் பிரச்சினையே.

கேள்விக்குறி — ஜனவரி 5, காலை 7.30

சரி, மூன்று அடி வாங்கிவிட்டேன். நாலாவது? போனில் சுத்தமாகப் பதியலாமா இல்லையா?

நாலுதடம் — ஜனவரி 5, காலை 8.15

பதியலாம். ஆனால் அந்த ஆல்பத்தில் நீங்கள் கேட்பது எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். மெஷினிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாதாரண கேசட்டில் நாலு தடம் உண்டு; தடம் என்றால் டேப்பின் நீளத்துக்கும் ஒலி தனியாகப் பதியும் ஒரு கோடு. ஏ பக்கம் இடது, வலது இரண்டு. பி பக்கம் எதிர்த்திசையில் இரண்டு. 144 என்ன செய்கிறது என்றால் நாலையும் ஒரே திசையில் எழுதுகிறது. வேகமும் இரட்டிப்பு: வழக்கமான டெக்கில் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும் டேப், இதில் 9.5 செ.மீ. ஓடும். வேகம் கூடினால் மேல் ஸ்தாயி தெளியும், இரைச்சல் குறையும். விலை என்ன? நேரம். இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் சி-60 போட்டால் 15 நிமிடம்தான், திருப்பிப் போட மறுபக்கம் கிடையாது. சி-90 என்றால் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கடையில் 60-ஆ 90-ஆ என்று கேட்டுப் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

அடுத்தது முக்கியம். நாலு தடம் இருந்தாலும் 144-ல் ஒரு தடவைக்கு இரண்டில்தான் எழுத முடியும். நாலிலும் ஒரே நேரத்தில் எழுதுவது அடுத்த மாடல் 244-ல் வந்தது. ஆகவே வேலை இப்படித்தான் நடந்தாக வேண்டும்: முதல் ஓட்டத்தில் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பு, குரல் ஒரு தடம், கிட்டார் ஒரு தடம். மீதி இரண்டில் ஹார்மோனிகா, இன்னொரு கிட்டார், மாண்டலின், கிளாக்கன்ஸ்பீல், துணைக்குரல் இதில் ஏதாவது இரண்டு. அவ்வளவுதான், கடை மூடியாச்சு. அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஏன் அப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறது என்பதற்கு அழகியல் விளக்கம் தேடுகிறவர்கள் முதலில் தடங்களை எண்ணிப் பார்க்கலாம்.

ஊசிமுனை — ஜனவரி 5, மதியம் 1.20

பவுன்ஸ் பண்ணலாமே? மூன்று தடத்தை நாலாவதில் கலந்து எழுதிவிட்டால் மூன்றும் காலி.

நாலுதடம் — ஜனவரி 5, மதியம் 2.02

பண்ணலாம். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் ஒரு தலைமுறை இரைச்சல் ஏறும், மேல் ஸ்தாயி கொஞ்சம் மழுங்கும், கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. 144-ல் டால்பி பி உண்டு. அது சீறலைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. அவர் போட்ட தடங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பவுன்ஸ் தேவைப்படவே இல்லை.

மைக் விஷயம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பாடி வாசிக்கும்போது குரல் மைக்கில் கிட்டார் விழும், கிட்டார் மைக்கில் குரல் விழும். எஸ்எம் 57 முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் காது மந்தம். அந்த மந்தப் பக்கத்தை எதன் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் பாதி வேலை. குரல் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் கீழிருந்து மேல்நோக்கி வைத்தால் அதன் முதுகு கிட்டாரைப் பார்க்கும். கிட்டார் மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், பீப்பாய் மாதிரி குமுறும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, 12-ஆவது ஃப்ரெட் பக்கம், ஓர் அடி தள்ளிக் குறி வையுங்கள். இரண்டு மைக்கும் ஒரே ஒலியை வேறு வேறு தூரத்தில் கேட்டால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் மெலியும். ஒரு மைக்குக்கும் அதன் ஒலிமூலத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குக்கும் நடுவே வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரே ஆள் மடியில் கிட்டார் வைத்துக்கொண்டு பாடும்போது அது முழுசாக அமையாது. எனவே கசிவு உறுதி. பிறகு தடங்களை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் குரலை ஏற்றினால் கிட்டாரின் நிறமும் சேர்ந்து மாறும். கைவைக்க முடியாத பதிவு என்பதற்கு இது முதல் காரணம்.

கேள்விக்குறி — ஜனவரி 5, இரவு 8.48

முதல் காரணம்னா இன்னும் இருக்கா சாமி?

நாலுதடம் — ஜனவரி 6, காலை 6.55

இருக்கிறது. நாலு தடத்தைக் கலந்து ஸ்டீரியோவுக்கு இடது, வலது என்று இரண்டாக இறக்க வேண்டுமே, அதற்கு இன்னொரு மெஷின் வேண்டும். வீட்டில் கிடந்தது ஒரு பானசோனிக் பூம்பாக்ஸ். ஏற்கெனவே தண்ணீரில் நனைந்து செத்து, பிறகு தானாகவே உயிர்பிழைத்த பெட்டி அது. 144-லிருந்து கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எக்கோ வழியாக இந்தப் பூம்பாக்ஸில் மிக்ஸ் இறங்கியது.

எக்கோபிளெக்ஸுக்குள் ஒரு டேப் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஹெட் எழுதும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று படிக்கும். இரண்டுக்கும் நடுவே தூரத்தைத் தள்ளி வைத்தால் தாமதம் கூடும். குறுகிய தாமதம், ஒரே ஒரு மறுஒலி என்று வைத்தால் 1950-களின் ராக்கபில்லி இசைத்தட்டுகளில் கேட்கும் அந்த அடி கிடைக்கும். கவனிக்க வேண்டியது: இந்த எக்கோ எந்தத் தடத்திலும் இல்லை, மிக்ஸில் மட்டும்தான் இருக்கிறது. நாலு தட கேசட்டைக் கையில் கொடுத்து “இதே மாதிரி மறுபடி மிக்ஸ் பண்ணு” என்றால் அதே எக்கோபிளெக்ஸ், அதே தேய்ந்த வளையம், அதே கை அசைவு எல்லாம் வேண்டும். அவர்கள் ஸ்டுடியோவில் முயன்றார்கள். ஒட்டவில்லை. கடைசியில் மாஸ்டராக நின்றது பூம்பாக்ஸில் இறங்கிய ஸ்டீரியோ கேசட்தான். அதையும் உறைகூட இல்லாமல் வாரக்கணக்கில் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார் மனுஷன்.

ஊசிமுனை — ஜனவரி 6, காலை 10.30

இங்கேதான் என் பங்கு வருகிறது. அந்த கேசட்டை எல்பி ஆக்கும்போது பட்ட பாட்டைப் பற்றி இந்த இழையில் யாரும் பேசவில்லை.

எல்பி அச்சுக்கு மூலமாக வெட்டும் லாக்கர் தட்டில் பள்ளம் வெட்டும் ஊசி இரண்டு திசையில் ஆடும். இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி வரும் ஒலி ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும். இரண்டிலும் எதிரெதிராக வருவது மேலும் கீழும் ஆட்டும். மேல்கீழ் ஆட்டம் மிஞ்சினால் பள்ளம் ஓர் இடத்தில் மறைந்தே போகும், கேட்கிறவர் வீட்டு ஊசி அங்கே தாவும். இரண்டு மைக் ஒரே ஆளைக் கேட்ட பதிவு, அதன்மேல் டேப் எக்கோ, அதன்மேல் ஹெட் கோணம் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்காத ஒரு கேசட் பெட்டி: இப்படி இடதிலும் வலதிலும் எதிரெதிராக வரும் ஒலிக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. போதாததற்குக் கீழே டேப் சீறல், மேலே ‘ஸ’ ஒலிகளின் வெட்டு.

தயாரிப்பாளர் சக் பிளாட்கின், இன்ஜினியர் டோபி ஸ்காட் இருவரும் கேசட்டை எடுத்துக்கொண்டு, பதிவைத் தட்டில் வெட்டத் தயார் செய்யும் பெரிய மாஸ்டரிங் ஆட்கள் பலரிடம் ஏறி இறங்கினார்கள். பாப் லட்விக், ஸ்டீவ் மார்கூசன், ஸ்டெர்லிங் சவுண்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தட்டில் ஏறவில்லை. கேசட்டாக மட்டும் விற்கலாமா என்றுகூட யோசித்தார்கள். கடைசியில் நியூயார்க் அட்லாண்டிக் ஸ்டுடியோவில் டென்னிஸ் கிங். அவருக்கும் முதல் முறை வரவில்லை. பிறகு மிகத் தாழ்ந்த லெவலில் வெட்டிப் பார்த்தார்கள், நின்றது. லெவலைக் குறைத்தால் ஊசியின் ஆட்டம் சுருங்கும், பள்ளம் உடையாது. அதற்குக் கொடுக்கும் விலை, பாட்டுக்கும் தட்டின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி குறைவது. பழைய எல்பியில் கேட்கும்போது வால்யூமைக் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருப்பது இதனால்தான், உங்கள் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போகவில்லை.

கேள்விக்குறி — ஜனவரி 6, காலை 11.02

புதுசா ஒரு ஆம்ப் ஆர்டர் பண்ணிட்டேனே!

ஊசிமுனை — ஜனவரி 6, காலை 11.04

வரட்டும், அவருடைய அடுத்த ஆல்பம் ‘பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.’ கேட்க உதவும். அமெரிக்க மண்ணில் விற்பனைக்குத் தயாரான முதல் சிடி அதுதான். 1984, இண்டியானா மாநிலம் டெர்ரா ஹோட் தொழிற்சாலை. நனைந்த பூம்பாக்ஸிலிருந்து அங்கே போக இரண்டு வருஷம்.

ஜெர்சிக்காற்று — ஜனவரி 7, இரவு 9.15

தொழில்நுட்பம் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். இப்படி ஒரு கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு “இதுதான் ஆல்பம்” என்று சொல்ல ஒரு பாடகருக்கு எப்படித் துணிவு வந்தது, கம்பெனி எப்படித் தலையாட்டியது? அதற்கு 1972-லிருந்து வர வேண்டும்.

மைக் அப்பெல் என்ற மேனேஜரிடம் அந்த வருஷம் கையெழுத்துப் போட்டார். மேனேஜ்மென்ட், பாட்டுப் பதிப்புரிமை, ஒலிப்பதிவுத் தயாரிப்பு என்று தனித்தனி ஒப்பந்தங்கள். இருட்டிய கார் நிறுத்தத்தில் ஒரு காரின் பானட்மேல் வைத்துக் கையெழுத்தானது என்பார்கள். முக்கியமான முடிச்சு மூன்றாவதில். கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தது அப்பெலின் லாரல் கேன்யன் கம்பெனிக்கு, பாடகருக்கு நேரடியாக இல்லை. பாடகர் அந்தக் கம்பெனியின் ஆள். பணம் அங்கே போய் அப்புறம்தான் இங்கே சொட்டும். யாரைத் தயாரிப்பாளராக வைப்பது என்பதையும் அங்கேதான் முடிவு செய்வார்கள்.

அப்பெலைத் திட்டுவது சுலபம். கொலம்பியாவில் புதுப் பாடகர்களைக் கண்டுபிடிக்கும் ஜான் ஹாமண்ட் முன்னால் 1972 மே மாதம் பாட வைத்தது அவர்தான். முதல் இரண்டு ஆல்பமும் 1973-ல் வந்து விற்காமல் கிடந்தபோது விடாமல் முட்டி மோதியதும் அவர்தான். ‘பார்ன் டு ரன்’ தலைப்புப் பாட்டு ஒன்றை மட்டும் பிளாவெல்ட் ஊரின் 914 ஸ்டுடியோவில் ஆறு மாதம் இழைத்தார்கள், அவர் கூடவே நின்றார். 1975 ஆகஸ்டில் ஆல்பம் வந்தது. அக்டோபர் 27 தேதியிட்ட டைம், நியூஸ்வீக் இரண்டின் அட்டையிலும் ஒரே ஆள். அதன் பிறகுதான் சண்டை முற்றியது. ஜான் லாண்டாவைத் தயாரிப்பாளராக வைக்க அப்பெல் ஒப்பவில்லை. 1976 ஜூலையில் ஸ்பிரிங்ஸ்டீன் வழக்குப் போட, பதிலுக்கு அப்பெல் லாண்டாவோடு ஸ்டுடியோவுக்குள் போகவே தடை வாங்கினார். 1977 மே இறுதியில் சமரசம். கிட்டத்தட்ட ஒரு வருஷம், புகழின் உச்சியில் இருந்த பாடகன் பதிவுசெய்ய முடியாமல் ஊர் ஊராக மேடைக் கச்சேரி பண்ணிச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சமரசத்தில் கிடைத்தது பாட்டுகளின் உரிமை மேல் கட்டுப்பாடு, கொலம்பியாவோடு நேரடி உறவு, யாரோடு எப்படிப் பதிவது என்று தானே முடிவெடுக்கும் அதிகாரம். 1978-ல் ‘டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’. 1980-ல் ‘தி ரிவர்’, இரட்டை ஆல்பம், அவருக்கு முதல் நம்பர் 1. 1982-ல் கேசட்டை நீட்டியபோது கம்பெனி ஏன் கதவைச் சாத்தவில்லை என்பதற்கு விடை இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. இதே கேசட்டை 1974-ல் நீட்டியிருந்தால் அப்பெலின் அலமாரியிலேயே இருந்திருக்கும்.

நாலுதடம் — ஜனவரி 7, இரவு 10.31

இதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு சேர்க்கை. அதிகாரம் இருந்தும் அவர் முதலில் செய்தது ஸ்டுடியோ, பேண்ட், மறு மிக்ஸ் என்று எல்லா வழியிலும் கேசட்டிலிருந்து தப்பிக்கப் பார்த்ததுதான். உரிமைக்காகப் போராடி வென்றவன் உடனே கேசட்டை உயர்த்திப் பிடித்தான் என்று சினிமா ஆக்கிவிட வேண்டாம். வழியெல்லாம் அடைபட்ட பிறகு மிஞ்சியது அது. 1982 செப்டம்பர் 30-ல் வெளியானபோது அமெரிக்காவில் சிங்கிள் கிடையாது, சுற்றுப்பயணம் கிடையாது. ‘அட்லாண்டிக் சிட்டி’க்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு வீடியோ, அதிலும் அவர் முகம் கிடையாது. அப்படியும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம்.

கேள்விக்குறி — ஜனவரி 8, காலை 9.20

சரி, பாட்டுக்கு வாங்க. தலைப்புப் பாட்டு கொலைகாரனைப் பற்றி என்று கேள்விப்பட்டேன். அதுவும் ‘நான்’ என்று கொலைகாரன் குரலிலேயே. கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

ஜெர்சிக்காற்று — ஜனவரி 8, மதியம் 12.44

சார்லஸ் ஸ்டார்க்வெதர், 1958 ஜனவரி, நெப்ராஸ்கா மாநிலம். கூட இருந்த பெண்ணுக்கு வயது 14. ஸ்பிரிங்ஸ்டீன் முதலில் பார்த்தது அந்தச் சம்பவத்தைத் தழுவி 1973-ல் டெரன்ஸ் மாலிக் எடுத்த படத்தை. பிறகு அந்த வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒமாஹா செய்தியாளர் ஒருவரைப் போனில் பிடித்துப் பேசினார். கூச்சம் வரத்தான் வேண்டும். அவன் பக்கம் நியாயம் பேசவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. தெளிவான காரணம் எதுவும் சொல்லாமல் நிறுத்துகிறார்.

மற்றதெல்லாம் அன்றாடச் செய்தித்தாள். ‘அட்லாண்டிக் சிட்டி’யின் முதல் வரியில் வெடிப்பது 1981 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் மாஃபியா தலைவன் பிலிப் டெஸ்டாவின் வீடு. ‘ஜானி 99’-ல் மூடும் கார் ஃபேக்டரி மாவா ஊரின் ஃபோர்டு ஆலை, 1980-ல் நிஜமாகவே மூடியது. நியூ ஜெர்சிக்காரருக்கு இது உள்ளூர்ச் செய்தி.

1984 செப்டம்பரில் அதிபர் ரீகன் தேர்தல் பிரசாரத்துக்கு நியூ ஜெர்சியின் ஹாமண்டன் ஊருக்கு வந்து, ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகளில் இருக்கும் நம்பிக்கையைப் பாராட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து பிட்ஸ்பர்க் மேடையில் இவர், அதிபருக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்று சொல்லிவிட்டு ‘ஜானி 99’ பாடினார்.

கேள்விக்குறி — ஜனவரி 8, மதியம் 1.10

ஆனா இவர் ஒருநாளும் ஃபேக்டரி வேலை பார்த்தவர் இல்லையே?

ஜெர்சிக்காற்று — ஜனவரி 8, மதியம் 1.26

இல்லை. பிராட்வே மேடையில் அதை அவரே சொல்லிச் சிரிக்க வைத்தார். வேலை பார்த்தது அப்பா டக்ளஸ்: ஃபோர்டு ஆலை, பஸ் டிரைவர், சிறைக்காவலர் என்று மாறி மாறி, நடுநடுவே வேலையே இல்லாமல், மனநோயோடும். சொந்த ஊர் ஃப்ரீஹோல்டில் வீட்டைத் தாங்கியது வக்கீல் ஆபீஸ் செக்ரட்டரியாக இருந்த அம்மா அடெல். கடன் வாங்கிக் கிட்டார் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ‘நெப்ராஸ்கா’வில் குழந்தை கண்ணில் தெரியும் வீடுகள் எல்லாம் அந்த வீடுதான். ஆல்பம் முடிந்த கையோடு இவரே மனச்சோர்வில் விழுந்து சிகிச்சைக்குப் போனார். அதை மறைக்கவில்லை, 2016-ல் தன் வாழ்க்கை நூலில் எழுதியும் விட்டார்.

நாலுதடம் — ஜனவரி 9, காலை 7.05

‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் கிட்டார் ஒரே அடியில் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் திடீரென்று ஓர் அலறல். அந்த அலறலின் மூலம் நியூயார்க்கின் சூசைட் என்ற இருவர் குழு, அவர்களுடைய ‘ஃப்ராங்கி டியர்ட்ராப்’. கருவி என்று பார்த்தால் சின்தசைசரும் இயந்திரத் தாளமும்; அதை ஒற்றைக் கிட்டாருக்கு மாற்றி இறக்கியிருக்கிறார். நாட்டுப்புற இசை ஆல்பம் என்று பெட்டி கட்டுகிறவர்கள் இந்தப் பாட்டில் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

அலறலுக்குத் தொழில்முறைக் குறிப்பு: பாட்டு முழுக்க முணுமுணுப்பு, கடைசியில் கத்தல் என்றால் லெவலை எதற்கு வைப்பது? முணுமுணுப்புக்கு வைத்தால் கத்தல் மீட்டரில் சிவப்பைத் தாண்டும். கத்தலுக்கு வைத்தால் முணுமுணுப்பு சீறலில் முங்கும். கேசட் சிவப்பைத் தாண்டினாலும் உடனே கிழியாது, மெல்ல அமுங்கிச் சொரசொரப்பாகும். டிஜிட்டலில் அப்படி இல்லை, உச்சி நறுக்கப்பட்டுவிடும். கேள்விக்குறி, போனில் பதியும்போது நீங்கள் முதலில் இடறப்போகும் இடம் இது. உச்சிக்கு மேல் 12 டெசிபலாவது காலி விட்டு வையுங்கள்.

கேள்விக்குறி — ஜனவரி 11, இரவு 7.50

போனை விட்டாச்சு. தெரிந்த ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய நாலு தட கேசட் வந்திருக்கிறது. போர்ட்டாஸ்டுடியோ கிடையாது, வெறும் கேசட் மட்டும். சாதாரண டெக்கில் போட்டால் பேய் பேசுகிற மாதிரி இழுக்கிறது, மறுபக்கம் போட்டால் தலைகீழாகப் பேசுகிறது. கேசட் செத்துவிட்டதா?

நாலுதடம் — ஜனவரி 11, இரவு 8.33

உயிரோடுதான் இருக்கிறது. மேலே சொன்ன கணக்குதான்: இரட்டை வேகத்தில் பதிந்ததை உங்கள் டெக் பாதி வேகத்தில் ஓட்டுகிறது, நாலு தடமும் ஒரே திசை என்பதால் திருப்பிப் போட்டால் பின்னோக்கி ஓடுகிறது. மீட்கலாம்.

முதலில் மறுபடி போடாதீர்கள். டெக்கின் ஹெட், டேப்பை ஓட்டும் உலோகத் தண்டான கேப்ஸ்டன், டேப்பை அதன்மேல் அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் மூன்றையும் துடையுங்கள். ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல், பஞ்சுக் குச்சியில். ரப்பர் ரோலருக்குக் கொஞ்சமாக, ஊறவிடாமல். பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை. கேசட்டின் உள்ளே டேப்பை அழுத்தும் ஃபெல்ட் பேட் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மந்தமாக வரும், இன்னொரு நல்ல கேசட் கூட்டுக்குள் டேப்பை மாற்ற வேண்டும். ஸ்குரூ போட்ட கூடாக இருந்தால் சுலபம்.

டெக்கில் டால்பியை அணைத்து வையுங்கள். ஏ பக்கத்தை ஸ்டீரியோவாக 96 கிலோஹெர்ட்ஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்: இடது 1-ஆம் தடம், வலது 2-ஆம் தடம். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் ஏற்றுங்கள்: இடது 4, வலது 3, பின்னோக்கி. சாஃப்ட்வேரில் இரண்டாவதை ரிவர்ஸ் பண்ணுங்கள், பிறகு இரண்டையும் இரண்டு மடங்கு வேகமாக்குங்கள். சுருதியும் சேர்ந்து ஏற வேண்டும். சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூட்டும் வசதியைத் தொடாதீர்கள்.

ஊசிமுனை — ஜனவரி 11, இரவு 9.10

அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம்! மறந்துவிடாதீர்கள். பதிந்த மெஷினின் ஹெட் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் ஒன்றாக இருக்காது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்ப்ரிங் வைத்த சின்ன ஸ்குரூ இருக்கும். டேப் ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, சீறல் அதிகப் பளபளப்பாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் அந்த இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும். மறுபக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்து. காந்தம் ஏறிய ஸ்குரூ டிரைவர் ஹெட் பக்கம் வரவே கூடாது.

கேள்விக்குறி — ஜனவரி 13, காலை 10.40

செய்துவிட்டேன். பேய் போய் மனிதக் குரல் வந்துவிட்டது. ஆனால் 1, 2 தடமும் 3, 4 தடமும் தொடக்கத்தில் சேர்கின்றன, மூன்று நிமிடம் போனால் விலகுகின்றன.

நாலுதடம் — ஜனவரி 13, காலை 11.15

விலகும். இரண்டு ஓட்டத்திலும் டெக் ஒரே வேகத்தில் ஓடாது, கேசட் ஒரு பக்கம் நிறைந்திருக்கும்போது இழுவை வேறு, காலியாகும்போது வேறு. இரண்டிலும் பொதுவாகக் கேட்கும் ஒரு கூர்மையான ஒலியைத் தேடுங்கள்: ஹெட்போனிலிருந்து கசிந்த டிரம் அடி, கிட்டார் உடலில் தட்டிய சத்தம். ஆரம்பத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று பிடித்து, 3, 4 இரண்டையும் ஒன்றாக அந்த அளவுக்கு இழுத்து நீட்டுங்கள். இங்கேயும் சுருதி சேர்ந்து மாறும் வகையிலேயே. நடுவில் இன்னும் விலகினால் பாட்டைச் சரணம் சரணமாக வெட்டித் தனித்தனியே சேருங்கள். 1-ஐயும் 2-ஐயும் ஒன்றிலிருந்து ஒன்று நகர்த்திவிடாதீர்கள், அவை ஒரே ஓட்டத்தில் வந்தவை, ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கின்றன.

பளிச்சென்று வேறு மாதிரி கேட்டால் பயப்பட வேண்டாம். டால்பி போட்டுப் பதிந்ததை டால்பி இல்லாமல் எடுத்தால் மேல் ஸ்தாயி தூக்கலாக வரும். வேகம் சரியான பிறகு டால்பி பி-யைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் (டிகோட்) பிளக்-இன், அதாவது துணை சாஃப்ட்வேர், ஒன்றில் ஓட்டுங்கள். அதற்கு முன்னால் ஓட்டினால் கணக்குத் தப்பும். பதிந்தது 244 மாடல் என்றால் அதில் டால்பி இல்லை, டிபிஎக்ஸ் என்ற இன்னொரு இரைச்சல் குறைப்பு முறை. அதற்கு வேறு டிகோடர். கேசட் உறையில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா பாருங்கள்.

கேள்விக்குறி — ஜனவரி 13, மதியம் 12.01

உறையில் “மாமா கல்யாணம் 2” என்று எழுதி, அடித்துவிட்டு, “டிபிஎக்ஸ்” என்று போட்டிருக்கிறது.

நாலுதடம் — ஜனவரி 13, மதியம் 12.06

அப்ப டால்பி பிளக்-இன் வேண்டாம். டிபிஎக்ஸ் டைப் 2, ஒன்று அல்ல. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இரைச்சல் மூச்சு வாங்கும், உடனே தெரிந்துவிடும்.